கூடத்திற்குள் ஒரு மதுக்கூடம் எதற்கு?

காவிரிக் கரையில் சுவாமிமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் புதிய வீடுகள் பல எழுந்துகொண்டிருக்கின்றன. புதுமனை புகுவிழாவுக்கு வருபவரை வீட்டுக்காரர் ஒவ்வோர் அறையாக அழைத்துச் சென்று காட்டுவது நம் வழக்கம். பூசையறை, சமையலறை, மாடி எல்லாம் காட்டி முடித்த பின், குரலைச் சற்றுத் தாழ்த்தி, "இதையும் பாருங்கள், நானே செய்தது" என்று கூடத்தின் ஒரு மூலைக்கு அழைத்துச் செல்லும் வீடுகளும் இப்போது உண்டு. நிலைக்கதவு செய்து மிஞ்சிய தேக்குப் பலகையும் பிளைவுட்டும் சேர்த்து இடுப்பளவு உயரத்தில் ஒரு மேடை; அதன் பின்னே கண்ணாடி பதித்த அலமாரி; புட்டிகளின்மேல் ஒளி விழும்படி சிறு விளக்குகள்; முன்னால் இரண்டு உயரமான முக்காலிகள். காணொளிகளில் செய்முறையைப் பார்த்து, விடுமுறை நாள்களில் அறுத்து, இழைத்து, வார்னிஷ் பூசி முடித்திருப்பார். வேலைப்பாட்டில் குறை சொல்ல ஒன்றும் இராது.

அந்தக் கைகளை நான் பாராட்டுகிறேன். அந்த மேடை வேண்டாம் என்றும் சொல்கிறேன். இந்தச் செய்திமடலைக் கையில் வைத்திருப்பவர் நோயாளியாக இருப்பார்; அல்லது நோயாளியின் கட்டில் அருகே அமர்ந்திருப்பவராக இருப்பார். அவர்களுக்கு இக்கருத்தைச் சொல்லக் காரணம் உண்டு.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இது ஒழுக்கப் போதனை அன்று. வள்ளுவர் கள்ளுண்ணாமை என்னும் 93ஆம் அதிகாரத்தை அறத்துப்பாலில் வைக்கவில்லை. பொருட்பாலில், சூதுக்கும் மருந்துக்கும் முன்னால் வைத்தார். குடியைப் பாவமாகக் காண்பதைவிட, வாழ்க்கைக் கணக்கில் வரும் இழப்பாகக் காண்பது நமக்குப் பயன்தரும் என்று நான் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். இங்கே நான் பேசப்போவதும் அந்தக் கணக்கைத்தான்.

வீட்டில் மதுமேடை அமைப்பவர்கள் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு. "கடை வாசலில் நின்று குடிப்பதில்லை, தெருவில் விழுந்து கிடப்பதில்லை, வண்டி ஓட்டுவதில்லை, என் வீட்டில், என் காசில், அளவோடு குடிக்கிறேன்." இதில் ஒரு பகுதி உண்மை. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருக்கும் நிலையில் வண்டி ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். குடித்துவிட்டுச் சாலையில் வண்டி ஓட்டுபவரைவிட, வீட்டில் இருப்பவரால் பிறர் உயிருக்கு வரும் ஆபத்துக் குறைவு. இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வண்டியைத் தொடவில்லை என்பதால் மட்டும் குடிப்பவரின் உடல் காப்பாற்றப்படுவதில்லை. அவருடைய கல்லீரலுக்குத் தெருவும் வீடும் ஒன்றே.

வெளியே குடிப்பதற்குச் சில தடைகள் தாமாகவே அமைந்திருக்கின்றன. கடை நண்பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். இரவு 10 மணிக்கு மூடப்படும். அங்கே போய்வரத் தொலைவு உண்டு. ஒவ்வொரு முறையும் பணத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். 21 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. தெரிந்தவர் யாரேனும் பார்த்துவிடுவாரோ என்ற கூச்சமும் உண்டு. இவையெல்லாம் வலுவற்ற தடைகள்தாம், எனினும் தடைகளே. வீட்டு மேடைக்கு மூடும் நேரம் இல்லை. தொலைவு பத்தடி. பணம் என்றோ கொடுத்தாயிற்று. ஊற்றுபவரும் குடிப்பவரும் ஒருவரே. அளந்து ஊற்ற யாரும் இல்லை.

அந்த அளவைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். நம் ஊரில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் போன்றவற்றில் பொதுவாக நூற்றுக்கு 42.8 பங்கு சாராயச் சத்து உண்டு. அதனால் 30 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 10 கிராம் தூய சாராயம் இருக்கிறது. 'குவார்ட்டர்' எனப்படும் 180 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 60 கிராம். 650 மில்லிலிட்டர் பீர் புட்டியில், அதன் வலிமை நூற்றுக்கு 5 பங்கு என்றாலும், ஏறத்தாழ 25 கிராம். உடல் ஒரு மணி நேரத்தில் சுமார் 7 முதல் 10 கிராம் வரைதான் சாராயத்தைச் சிதைக்க முடியும். இரவு 10 மணிக்குள் ஒரு குவார்ட்டரை முடித்தவரின் இரத்தத்தில், விடியற்காலையில் பால்காரர் வரும்போதும் மது எஞ்சியிருக்கக்கூடும். குளிர்ந்த நீரில் குளித்தாலும், மோர் குடித்தாலும், காபி குடித்தாலும் அந்த வேகம் கூடாது. வீட்டுத் தம்ளரில் கண்ணளவாக ஊற்றுபவர் '2 பெக்' என்று சொல்வது உண்மையில் 4 ஆக இருப்பது அரிதன்று.

சுவாமிமலையில் வாழும் நமக்கு இதைப் புரிந்துகொள்ளத் தொலைவில் உவமை தேட வேண்டியதில்லை. இவ்வூர் ஸ்தபதிகள் முதலில் மெழுகால் உருவம் செய்கிறார்கள். அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசுகிறார்கள். மண்ணைச் சூடாக்கியதும் மெழுகு உருகி வெளியேறுகிறது. உள்ளே வெற்றிடம் நிற்கிறது. உருகிய உலோகம் அந்த வெற்றிடத்தை நிரப்புகிறது. அச்சு வெறுமையாக இருப்பதற்காகச் செய்யப்படுவதன்று, நிரப்புவதற்காகவே செய்யப்படுகிறது. வீட்டு மதுமேடையும் அவ்வாறே. பன்னிரண்டு புட்டிகளுக்கு இடம் வைத்துச் செய்த அலமாரியில் இரண்டு புட்டி மட்டும் இருந்தால் கண்ணுக்குக் குறையாகப் படும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் ஒன்று கொண்டுவருவார். நண்பர் ஒன்று தருவார். நாமே ஒன்று வாங்குவோம். நிரம்பிய அலமாரி மாலை ஆனதும் நம்மை அழைக்கும். எப்போதோ ஒரு நாள் என்று தொடங்கிய பழக்கத்திற்கு அந்த மேடை ஒரு நிலையான இடத்தையும் ஒரு நிலையான நேரத்தையும் தந்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய தீங்கு ஒன்று உண்டு. வீட்டில் குடிப்பவர் தம்மைக் குடிப்பவராகவே எண்ணுவதில்லை. அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவர், "மது அருந்தும் பழக்கம் உண்டா?" என்று கேட்கிறார். "அதெல்லாம் இல்லை ஐயா, எப்போதாவது வீட்டில் கொஞ்சம்" என்று பதில் வருகிறது. அவர் மனத்தில் குடிகாரர் என்றால் கடை வாசலில் விழுந்து கிடப்பவர். அருகில் நிற்கும் மனைவியும் மரியாதை கருதிப் பேசாமல் இருந்துவிடுகிறார். அறுவை சிகிச்சை நன்றாக முடிகிறது. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ நோயாளியின் கைகள் நடுங்குகின்றன, வியர்த்துக் கொட்டுகிறது, இல்லாத ஆட்களைப் பார்த்துப் பேசுகிறார், குழாய்களைப் பிடுங்குகிறார். மது திடீரென நின்றதால் வந்த விளைவு இது. முன்பே தெரிந்திருந்தால் தடுத்திருக்கலாம். தெரியாதபோது உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகையால் மருத்துவர் கேட்கும்போது எத்தனை மில்லிலிட்டர், வாரத்தில் எத்தனை நாள், கடைசியாக எப்போது என்று உள்ளபடியே சொல்லுங்கள். நோயாளி சொல்லத் தயங்கினால், துணை வந்தவர் தனியே வந்தாவது சொல்லுங்கள். இது காட்டிக்கொடுப்பதாகாது, காப்பாற்றுவதாகும்.

நம் வீடுகளில் நீரிழிவு நோயாளிகள் மிகுதி. அவர்களுடைய குடும்பத்தார் ஒன்றைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். உணவுக்கும் உணவுக்கும் இடையே கல்லீரல்தான் இரத்தத்திற்குச் சர்க்கரையை வழங்குகிறது. மதுவைச் சிதைக்கும் வேலையில் இருக்கும்போது புதிதாகச் சர்க்கரையை உருவாக்கும் அதன் பணி குன்றிவிடுகிறது. இன்சுலினோ, கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர், குடித்துவிட்டுச் சரியாகச் சாப்பிடாமல் படுத்தால், நள்ளிரவில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். வியர்வை, உளறல், தள்ளாட்டம், மயக்கம் எல்லாம் போதையைப் போலவே தோன்றும். "குடித்திருக்கிறார், தூங்கட்டும்" என்று விட்டுவிடுவது இயல்பு. அந்தத் தூக்கத்திலிருந்து அவர் எழாமலே போகலாம். ஐயம் வந்தால் உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள். நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் 3 தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளவைப் பாருங்கள். நினைவில்லையேல் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108ஐ அழையுங்கள்.

மற்ற மருந்துகளோடும் மதுவுக்குப் பகை உண்டு. தூக்க மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சு அடங்கலாம். காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிடும் ரிஃபாம்பிசினும் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. மது அந்த அபாயத்தைக் கூட்டுகிறது. இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரையின் வேலையை அது குலைக்கிறது. நாள்தோறும் குடிப்பவருக்குப் பாராசிட்டமாலின் பாதுகாப்பான அளவே குறைந்துவிடுகிறது. மருந்துப் பெட்டி இருக்கும் வீட்டில் மதுமேடையும் இருந்தால், ஏதேனும் ஓர் இரவில் இரண்டும் ஒரே வயிற்றில் சந்திக்கத்தான் செய்யும்.

"கொஞ்சம் ஒயின் இதயத்துக்கு நல்லதாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. உடல்நலத்திற்குத் தீங்கற்றது என்று சொல்லத்தக்க மதுவின் அளவு எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்துவிட்டது. அந்நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988ஆம் ஆண்டிலேயே மதுவை, புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்தது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், மார்பகம் ஆகிய உறுப்புகளில் வரும் புற்றுநோய்களோடு அதற்குத் தொடர்பு உண்டு. விலை உயர்ந்த புட்டியாயினும் உள்ளே இருப்பது அதே சாராயச் சத்துதான்.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மதுவைப் பற்றிய வழக்கு நீண்டது. 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜியின் அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971இல் தளர்த்தப்பட்டு, 1974இல் மீண்டும் வந்து, பின்னர் மறுபடியும் தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றியது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. இத்தனை ஆண்டுகளாக மக்கள் எழுப்பிவரும் கோரிக்கைகளுள் முதன்மையானது, பள்ளிக்கும் கோவிலுக்கும் குடியிருப்புக்கும் அருகே கடை வேண்டாம் என்பது. 2015 ஜூலை 31 அன்று கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரு மதுக்கடையை அகற்றக் கோரிப் போராடியபோதுதான் காந்தியவாதி சசி பெருமாள் உயிர்நீத்தார். தெருவிலிருந்து அகற்ற மக்கள் இவ்வளவு பாடுபட்ட ஒன்றை, பிள்ளை வீட்டுப்பாடம் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் நாமே அழகாக அமைத்து விளக்கும் போடலாமா? மனித மூளையின் வளர்ச்சி ஏறத்தாழ 25 வயது வரை தொடர்கிறது. நாள்தோறும் மாலையில் தந்தை எதன் முன் அமர்கிறார் என்பதைப் பிள்ளை பார்த்துக்கொண்டே வளர்கிறது.

'நானே செய்தேன்' என்னும் ஆர்வம் சிலரை மேடையோடு நிறுத்துவதில்லை. மதுவையும் வீட்டிலேயே வடிக்கலாமே என்று தூண்டுகிறது. தமிழ்நாட்டில் அது சட்டப்படி குற்றம். உயிருக்கும் ஆபத்து. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறந்திருக்க முடியாது. மெத்தனாலை நிறத்தாலோ மணத்தாலோ சுவையாலோ பிரித்தறிய இயலாது. சிறு அளவே கண்பார்வையைப் பறித்துவிடும்.

ஏற்கெனவே மேடை அமைத்து, நாள்தோறும் குடித்துவருபவர் இதைப் படித்து, இன்றே எல்லாவற்றையும் கொட்டிவிட முடிவு செய்யலாம். அந்த உறுதி போற்றத்தக்கது. ஆனால் அலமாரியை ஒரே நாளில் பிரிப்பது போலக் குடியைத் தாமாகவே ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. நீண்ட காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், 6 முதல் 24 மணி நேரத்தில் நடுக்கமும் படபடப்பும் தொடங்கலாம். முதல் இரண்டு நாள்களில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை மனக்குழப்பமும் காய்ச்சலும் வந்து உயிரைப் பறிக்கலாம். மருத்துவர் மேற்பார்வையில் உரிய மருந்துகளும் தயமின் எனப்படும் பி1 வைட்டமினும் பெற்று நிறுத்தினால் இந்த ஆபத்தைத் தவிர்க்கலாம். இதற்காக மருத்துவமனைக்கு வருவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போன்ற நிலையங்கள், குடிநோயை மற்ற நோய்களைப் போலவே நோயாகக் கருதிச் சிகிச்சை அளிக்க முடியும் என்பதைக் காட்டிவந்திருக்கின்றன. அரசின் 14446 என்னும் போதை மீட்பு உதவி எண்ணையும், 14416 என்னும் டெலி மானஸ் மனநல உதவி எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டங்கள் தமிழிலும் நடைபெறுகின்றன. குடும்பத்தாருக்கென அல்-அனான் குழுக்களும் உண்டு.

துணை இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். 'அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று விளம்பரம் செய்யும் பொடிகளையும் சொட்டு மருந்துகளையும் நம்பாதீர்கள். டைசல்பிராம் என்னும் மருந்தை எடுத்துக்கொண்டவர் அதன்மேல் மது அருந்தினால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். நோயாளி அறிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் எடுத்துக்கொள்ள வேண்டிய மருந்து அது. கோபத்தில் புட்டியை உடைப்பதாலும் போதையில் இருப்பவரோடு வாதிடுவதாலும் பயனில்லை. தெளிந்திருக்கும் காலைப்பொழுதில், பிள்ளைகள் இல்லாத நேரத்தில், நேற்று நடந்த ஒன்றை மட்டும் எடுத்துப் பேசுங்கள். "உங்களோடு ஆஸ்பத்திரிக்கு நானும் வருகிறேன்" என்ற ஒரு சொல், நூறு ஏச்சுகளைவிட வலிமையுடையது.

இனி, அந்தக் கைகளின் ஆர்வத்திற்கு வருகிறேன். மரத்தை இழைப்பதிலும் ரசமட்டம் வைத்துப் பார்ப்பதிலும் உள்ள இன்பத்தை யாரும் விட்டுவிட வேண்டியதில்லை. அதே ஞாயிற்றுக்கிழமையில், அதே டிரில்லிங் இயந்திரத்தால் வீட்டுக்குத் தேவையான வேறொன்றைச் செய்யலாம். குளியலறையிலும் கழிப்பறையிலும் கைப்பிடிக் கம்பி இல்லாத வீடுகள் இன்னும் ஏராளம். முதியோர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவது அங்கேதான் எளிதில் நேர்கிறது. தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில், ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலப் பருமனுள்ள எவர்சில்வர் குழாயை, சுவருக்கும் குழாய்க்கும் இடையே ஒன்றரை அங்குல இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். ஆணி டைல்ஸிலும் பூச்சிலும் மட்டும் நில்லாமல் செங்கல்லுக்குள் இறங்க வேண்டும். பொருத்திய பின் நீங்களே முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பாருங்கள். துண்டு போடும் கம்பியை ஒருபோதும் கைப்பிடியாக எண்ணாதீர்கள். அது எடையைத் தாங்காது.

ஏற்கெனவே செய்த மேடையையும் உடைக்க வேண்டியதில்லை. குடியை விட்டவருக்கு மாலை 6 மணிக்கு மேற்பட்ட நேரமே கடினமானது; கை பழைய இடத்தைத் தேடும். அந்த இடத்தில் வேறொன்று இருக்கட்டும். கும்பகோணத்துப் பித்தளை டபராவும் காபி வடிகட்டியும், கோடையில் மண்பானையும் நீர்மோரும், தைக்கும் பங்குனிக்கும் பானகமும் அந்த அலமாரியில் அழகாகவே அமரும். நண்பர்கள் வரட்டும்; முக்காலிகளில் அமரட்டும். அவர்கள் உங்களைத் தேடி வந்தவர்களாயின், தம்ளரில் இருப்பது காபியாக இருப்பதற்காகத் திரும்பிப் போய்விட மாட்டார்கள்.

சுவாமிமலை, தந்தைக்கு மகன் உபதேசம் செய்த தலம் என்பதை நாம் அறிவோம். ஞானம் எந்த வயதிலிருந்து வந்தாலும் கேட்டுக்கொள்வது பெருமையே என்பதைத்தான் அந்த வரலாறு நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளை அந்த மேடையைக் காட்டி, "இது நமக்கு எதற்கு அப்பா?" என்று கேட்டால், சினந்துகொள்ளாதீர்கள். அந்தக் கேள்விக்கு உங்களிடம் விடை இல்லையென்றால், அந்தப் பிள்ளையையும் உடன் அழைத்துக்கொண்டு திருகாணிகளைக் கழற்றத் தொடங்குங்கள். நாள்தோறும் குடிப்பவராயின், அதற்கு முன் ஒருமுறை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.